வரி குறைந்ததால் பட்டறையில் உற்பத்தித்திறன் கூடியதா?

கேள்வி: 11 ஆகஸ்ட் 2024

1991க்குப் பிறகு இறக்குமதி வரியைக் குறைத்ததால் வெளிநாட்டுப் பொருள்கள் போட்டிக்கு வந்தன என்றும், அந்தப் போட்டிக்குப் பயந்து நம் தொழிற்சாலைகள் விழித்துக்கொண்டு உற்பத்தித்திறனை உயர்த்தின என்றும் கல்லூரியில் படிக்கிறேன். கோவையில் ஃபவுண்டரி வைத்திருந்த என் பெரியப்பாவோ, "எங்களோடு எவனும் போட்டிக்கு வரவில்லை, கடன்தான் வந்தது" என்கிறார். இரண்டில் எது சரி?

பதில்: 11 ஆகஸ்ட், இரவு

தேர்வில் பாடநூல் சொல்வதை எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் பெரியப்பா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம்.

நான் கோவை கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன். பம்பு ஷாஃப்ட்டும் நூற்பாலை இயந்திரங்களுக்கான சில்லறை உதிரிகளும் செய்தோம். 1990 முதல் கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. பின்னாளில் அஞ்சல் வழியில் பொருளியல் படித்தபோது பாடமும் நோட்டும் ஒத்துப்போகவில்லை.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றில் சரக்கு வெளியே போகிறது, மற்றொன்றில் கச்சாப் பொருளும் கருவியும் உள்ளே வருகின்றன. பாடநூல் விற்கும் வாசலில் நின்றுகொண்டு போட்டியைத் தேடுகிறது. எங்களுக்கு மாற்றம் வந்தது வாங்கும் வாசல் வழியாகத்தான்.

1991 ஜூலை பட்ஜெட்டில் உச்ச இறக்குமதி வரி 150 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 'குறைக்கப்பட்டு 150' என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். பிறகு 110, 85, 65 என்று இறங்கி 1995-96இல் 50க்கு வந்தது. 2007-08இல் வேளாண்மை அல்லாத பொருள்களுக்கு 10 ஆயிற்று. வரியைவிடப் பெரிய தடையாக இருந்தது உரிமம். அதற்கு முன்பு ஒரு வெட்டுக்கருவியையோ நல்ல பேரிங்கையோ இறக்குமதி செய்ய வேண்டுமென்றால், அதை நேரடியாகப் பயன்படுத்துபவர் நாம்தான் என்று நிரூபித்து உரிமம் வாங்க வேண்டும். ஐந்து லேத் வைத்திருக்கும் பட்டறைக்காரன் எதற்குமே உரிமம் கேட்டுப் போகமாட்டான். கள்ளச் சந்தையில் வாங்குவான், இல்லையேல் இல்லாமல் ஓட்டுவான்.

12 ஆகஸ்ட்

'வாங்கும் வாசல்' என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒரு விரல் நுனியளவு பொருளை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் டர்னர், அதாவது லேத் ஓட்டுபவர், பயன்படுத்தியது, எஃகுத் தண்டின் நுனியில் கார்பைடு துண்டைப் பற்றவைத்த கருவி. அதைப் பட்டறையில் 'டிப்ஸ்' என்பார்கள். முனை மழுங்கினால் லேத்தை நிறுத்த வேண்டும், கருவியைக் கழற்ற வேண்டும், மூலையில் இருக்கும் கிரைண்டருக்குப் போய்த் தீட்ட வேண்டும், திரும்ப வந்து உயரம் பார்த்துப் பொருத்தி, வெட்டின் ஆழத்தைப் புதிதாக அமைக்க வேண்டும். கிரைண்டரருகே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருப்பார், அவரோடு பேச்சு இருக்கும், சில சமயம் தேநீரும் இருக்கும். இது சோம்பல் அன்று. கருவியின் இயல்பே அப்படி.

1994இல் கழற்றி மாட்டும் இன்சர்ட்டை அப்பா முதன்முதலாக வாங்கினார். சிறிய முக்கோணம், ஒரு முனை தேய்ந்தால் திருகைத் தளர்த்தி அடுத்த முனைக்குத் திருப்பினால் போதும். இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை, உயரமும் மாறாது. அதற்கு முன் இத்தகைய இன்சர்ட்டுகளைப் பெரிய ஆலைகளில்தான் பார்த்திருந்தோம். அங்கு வேலை செய்த உறவினர் ஒருவர் தேய்ந்த இன்சர்ட்டைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டியது நினைவிருக்கிறது, நகை காட்டுவது போல. வரி இறங்கிய பிறகு கடையில் டஜன் கணக்கில் கிடைத்தது.

ஒரு ஷிஃப்டுக்கு 45 ஷாஃப்ட் என்றிருந்தது 70க்குப் போனது. அதே லேத், அதே ஆள், அதே கரண்ட்.

12 ஆகஸ்ட், சற்றுப் பிறகு

ஒரு பட்டறையின் கதை ஆதாரமாகாது என்று கடிந்துகொண்டவருக்கு: சரிதான். பெட்டியா தொப்பலோவாவும் அமித் கண்டேல்வாலும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்திய நிறுவனங்களைப் பற்றியது. விற்கும் பொருளின் மீதான வரி 10 சதவீதப் புள்ளி குறைந்தால் உற்பத்தித்திறன் ஏறியது 0.32 சதவீதம். வாங்கும் இடுபொருளின் மீதான வரி அதே அளவு குறைந்தால் ஏறியது 4.8 சதவீதம். இந்தோனேசியாவைப் பற்றி மேரி அமிட்டியும் யோசெஃப் கோனிங்ஸும் 2007இல் எழுதியதும் இதே திசையில்தான் இருக்கிறது. அங்கே இடுபொருளை இறக்குமதி செய்யும் ஆலைகளுக்கு 10 புள்ளி வரிக் குறைப்பு 12 சதவீத உயர்வைத் தந்தது.

13 ஆகஸ்ட்: திருத்தம்

பெரியப்பாவின் வாக்கியத்துக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று கேட்டவர் சுட்டிக்காட்டுகிறார். உண்மை. அதோடு, முதல் குறிப்பைப் படிப்பவருக்கு 1991இல் எல்லாப் பொருளுக்கும் கதவு திறந்ததாகத் தோன்றும். அதுவும் தவறு.

1991-92இல் உரிமத் தடை பெரும்பாலும் நீங்கியது இயந்திரங்களுக்கும் இடைநிலைப் பொருள்களுக்கும்தான். நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடு அப்படியே நின்றது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி வென்ற பிறகே, 2000 ஏப்ரல் 1 அன்று 714 வகைகளும் 2001 ஏப்ரல் 1 அன்று 715 வகைகளும் விடுவிக்கப்பட்டன. ஆக, வீட்டுக்கு வேண்டிய பொருளைச் செய்தவனுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டில் அவன் வாங்கும் வாசல் திறந்திருந்தது, விற்கும் வாசலில் காவல் இருந்தது. இதைவிட வசதியான ஏற்பாட்டை அவனே வரம் கேட்டிருந்தாலும் பெற்றிருக்க முடியாது.

ஃபவுண்டரிக்கும் அப்படித்தான். வார்ப்படத்தைக் கப்பலில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்து விற்க யாரும் மெனக்கெடவில்லை, எடைக்கே கூலி கட்டாது. ஆனால் குபோலா என்னும் இரும்பு உருக்கும் உலையில் போடும் கோக், அதாவது சுட்ட நிலக்கரி, வெளியிலிருந்து வந்தது. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். சாம்பல் குறைந்த சீனக் கோக் வந்த பிறகு உருக்கின் சூடு சீராக நின்றது, ஓட்டை விழுந்த காஸ்டிங் குறைந்தது. பெரியப்பாவிடம் கோக் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கடனைப் பற்றிய பகுதி நீங்களும் அவரும் பேசிக்கொள்ள வேண்டியது.

15 ஆகஸ்ட்

இன்று பட்டறைகளுக்கு விடுமுறை, கணக்குப் போட நேரமிருக்கிறது.

நேற்றிரவு முழுக்க ஒரு சந்தேகம் உறுத்தியது. 'உற்பத்தித்திறன் 4.8 சதவீதம் ஏறியது' என்று எழுதிவிட்டேன். எதை அளந்து அப்படிச் சொல்கிறோம்? ஷாஃப்ட்டை எண்ணினால் எனக்குப் புரியும். ஆனால் நாட்டளவில் எவரும் ஷாஃப்ட்டை எண்ணுவதில்லை, ரூபாயை எண்ணி, விலையேற்றத்தைக் கழிக்க விலைக் குறியீட்டால் வகுக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பட்டறை 100 ரூபாய்க்குச் சரக்கு விற்கிறது, பொருள் செலவு 60, மதிப்புக்கூட்டல் 40. வரி குறைந்து அதே பொருள் 50க்குக் கிடைக்கிறது, விற்கும் விலை மாறவில்லை. இப்போது மதிப்புக்கூட்டல் 50. அதே ஆள், அதே லேத், அதே எண்ணிக்கை. விற்பனைப் பொருளின் விலைக் குறியீட்டால் மட்டும் வகுத்தால் உற்பத்தித்திறன் 25 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு காட்டும். விற்பனையை அதன் குறியீட்டாலும் வாங்கிய பொருளை அதன் குறியீட்டாலும் தனித்தனியே வகுத்துக் கழித்தால் உயர்வு பூஜ்யம். முன்னதை ஒற்றை விலைநீக்கம் என்றும் பின்னதை இரட்டை விலைநீக்கம் என்றும் சொல்லலாம்.

இது வெறும் காகித விளையாட்டு இல்லை. 1980களில் இந்தியத் தொழில்துறையின் உற்பத்தித்திறன் திருப்பம் கண்டது என்று இஷர் ஜட்ஜ் அலுவாலியா 1991இல் எழுதினார். புலாப்ரே பாலகிருஷ்ணனும் புஷ்பாங்கதனும் 1994இல் இரட்டை விலைநீக்கத்தில் அதே கணக்கைப் போட்டார்கள், திருப்பம் காணாமற்போயிற்று. அந்தப் பத்தாண்டில் பொருள் விலை, சரக்கு விலையைவிட மெதுவாக ஏறியிருந்தது, அந்த இடைவெளியே உற்பத்தித்திறன் என்று வேடம் போட்டிருந்தது என்பது அவர்கள் வாதம். இருவரும் சுரேஷ் பாபுவும் சேர்ந்து 2000இல் நிறுவனவாரியாகப் பார்த்தபோது, 1991க்குப் பின் உற்பத்தித்திறன் வளர்ச்சி வேகம் பிடித்ததற்கே சான்று இல்லை என்றார்கள்.

வரிக் குறைப்பு என்பதே பொருள் விலையைக் குறைப்பதுதான் என்பதால், இந்தக் கேள்வியில் இந்தப் பிழை நுழைய மிக அகலமான வழி இருக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை அறிந்தே இடுபொருளுக்குத் தனிக் குறியீடு வைத்தார்கள். ஆயினும் அது தொழில்வாரியான குறியீடு. எங்கள் அப்பா என்ன விலைக்கு வாங்கினார் என்பது அதில் தெரியாது.

16 ஆகஸ்ட்

ஒரு சொல் தகராறு. பத்திரிகைகள் 'உற்பத்தி உயர்ந்தது', 'உற்பத்தித்திறன் உயர்ந்தது' இரண்டையும் ஒன்றாகவே எழுதுகின்றன. ஆளைக் கூட்டி, லேத்தைக் கூட்டி, கூடுதலாகச் செய்தால் அது உற்பத்தி. எதையும் கூட்டாமல் கூடுதலாக வந்தால்தான் உற்பத்தித்திறன். ஆளுக்கும் முதலுக்கும் பொருளுக்கும் உரிய பங்கைக் கழித்த பின் எஞ்சும் காரணம் தெரியாத மிச்சத்தையே மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்கிறார்கள். மோசஸ் ஆப்ரமோவிட்ஸ் 1956இலேயே அதை நம் அறியாமையின் அளவு என்று வர்ணித்துவிட்டார்.

19 ஆகஸ்ட்

மூடிப்போன பட்டறைகளை நான் பேசவே இல்லை என்கிறார் ஒருவர். பேசுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் தேறாத பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் தட்டி வைக்கும் பள்ளிகள் உண்டல்லவா? ஒரு தொழிலின் சராசரி உற்பத்தித்திறன் அப்படியும் உயரும். உள்ளே இருப்பவர் எவரும் ஒரு திருகைக்கூட வேறு மாதிரி முடுக்கியிருக்க வேண்டியதில்லை.

சிலியில் 1970களின் முடிவில் இறக்குமதி வரி ஏறத்தாழ எல்லாப் பொருளுக்கும் சீராக 10 சதவீதமாக்கப்பட்டது. இறக்குமதியோடு மோதிய ஆலைகள் மற்றவற்றைவிட 3 முதல் 10 சதவீதம் கூடுதலாக முன்னேறின என்று நீனா பாவ்ச்னிக் 2002இல் கணக்கிட்டார். அவர் ஆய்வில் ஆலைக்குள் நடந்த முன்னேற்றமும் உண்டு, மோசமானவை மூடியதால் வந்த ஏற்றமும் உண்டு. அமெரிக்காவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்த கனடாவில், அதிகம் அடிபட்ட தொழில்களில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் சுருங்கியது, தொழிலாளர் உற்பத்தித்திறன் 15 சதவீதம் ஏறியது. டேனியல் டிரெஃப்லரின் அந்த ஆய்வில் இரண்டு எண்களும் அடுத்தடுத்து நிற்கும், அதுதான் அவருடைய நேர்மை.

இந்தியாவில் தேறாதவனை வெளியேற்றி வந்த ஏற்றமே பெரும்பங்கு என்று நான் பல காலம் நம்பினேன். ஆன் ஹாரிசன், லெஸ்லி மார்ட்டின், ஷாந்தி நடராஜ் ஆகியோரின் ஆய்வைப் படித்த பின் அந்த எண்ணத்தை விட்டேன். சந்தைப் பங்கு திறனற்றவரிடமிருந்து திறனுள்ளவருக்குக் கைமாறியது 1991ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மட்டுமே முக்கியமாக இருந்தது, மற்றபடி ஏற்றத்தின் பெரும்பகுதி நிறுவனங்களுக்கு உள்ளேயே நிகழ்ந்தது என்பது அவர்கள் முடிவு. எங்கள் தெருவில் மூடிய மூன்று பட்டறைகளை எண்ணிப் பார்க்கிறேன். ஒன்று பாகப்பிரிவினையால், ஒன்று வாங்கியவர் பணம் தராததால், ஒன்று மகன் வெளிநாடு போனதால். வரியால் மூடியது என்று சொல்ல ஒன்றும் தேறவில்லை.

24 ஆகஸ்ட்: பெரிய திருத்தம்

பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பாதி கரையான், பாதி கணக்கு.

70 என்று எழுதியது தவறு. 62தான். எங்கிருந்து 70 என் நினைவில் நுழைந்தது என்று தெரியவில்லை. அதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. இன்சர்ட் வாங்கிய சிட்டை 1994ஆம் ஆண்டுடையது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் ஷிஃப்டுக்கு 46, 45, 48 என்றுதான் போகிறது. 62 வருவது 1996 நடுவில்.

கருவி வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எண்ணிக்கை நகரவில்லை. 1996இல் என்ன நடந்தது? நோட்டின் வேறொரு பக்கத்தில் விடை இருந்தது. அந்த ஆண்டு அப்பா பீஸ் ரேட் முறையை மாற்றினார். அதுவரை ஒரு ஷாஃப்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி. யாராவது அதிகம் போட்டால் 'வேலை சுலபமாகிவிட்டது' என்று அடுத்த மாதமே ரேட் குறையும். 1996இல் மூன்று ஆண்டுக்கு ரேட்டைத் தொடமாட்டேன் என்று அப்பா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவரை அப்படிச் சொல்லவைத்தது நல்ல மனம் மட்டுமில்லை. பக்கத்துப் பட்டறை இரண்டு டர்னர்களை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆக, 'அதே லேத், அதே ஆள்' என்று நான் வீரமாக எழுதிய வாக்கியத்தில் 'அதே கூலி முறை' இல்லை. மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் நிக்கோலஸ் புளூமும் உடனிருந்தோரும் சோதனை செய்தார்கள். கருவி எதையும் மாற்றாமல், கிடங்கை ஒழுங்குபடுத்துவது, பழுதைப் பதிவுசெய்வது போன்ற மேலாண்மைப் பழக்கங்களைப் புகுத்தியே முதல் ஆண்டில் 17 சதவீத உற்பத்தித்திறன் உயர்வு கண்டார்கள் (2013). இதைப் படித்தபோது அந்த முதலாளிகளைக் கேலியாக நினைத்தேன். இப்போது பரணிலிருந்து இறங்கிய தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

25 ஆகஸ்ட்

"இடுபொருள் மலிவானதே, பம்பு வாங்கும் விவசாயிக்கு விலை குறைந்ததா?" என்ற கேள்விக்கு: குறைந்தது, ஆனால் செலவு குறைந்த அளவுக்கு இல்லை. யான் டி லோக்கரும் பினலோபி கோல்ட்பர்க்கும் கண்டேல்வாலும் பாவ்ச்னிக்கும் 2016இல் இதைத்தான் காட்டினார்கள். வரிக் குறைப்பால் இந்திய நிறுவனங்களின் உற்பத்திச் செலவு நன்றாகவே இறங்கியது, விலை அதைவிடக் குறைவாக இறங்கியது, இடையில் நின்றது நிறுவனத்தின் லாப விகிதம். எங்களைப் பற்றிச் சொன்னால், இன்சர்ட் விலை குறைந்ததை வாங்குபவரிடம் நாங்களாகப் போய்ச் சொன்னதில்லை. அவரே வேறு வழியில் அறிந்து கேட்டபோது ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம்.

அந்த லாபம் முழுவதும் வீண் என்று சொல்லவும் மாட்டேன். அதில்தான் கணினியால் இயங்கும் சி.என்.சி. லேத் ஒன்று இரண்டாம் கையாக வந்தது. 1990களில் இந்திய நிறுவனங்கள் புதிதாகச் செய்யத் தொடங்கிய பொருள்களில் 31 சதவீதத்துக்கு இடுபொருள் வரிக் குறைப்பே காரணம் என்று இதே குழுவினர் சிலர் 2010இல் கணக்கிட்டார்கள். எங்கள் பட்டறை புதிதாகச் செய்தது ஒரே ஒரு பொருள்.

1 செப்டம்பர்

அந்த ஒரே பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள். கார் உதிரியில் போகும் ஒரு சிறிய புஷ். அதைச் சொல்லப்போனால் என் முதல் குறிப்பைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வந்த காலம். பெரிய உதிரி நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய சில்லறை வேலைகளை எங்களைப் போன்றோருக்குப் பிரித்துக் கொடுத்தன. 1999இல் நாங்கள் அனுப்பிய முதல் லாட் முழுவதும் லாரியில் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாளும், அளவு சரியா இல்லையா என்று மட்டும் காட்டும் ஒரு கோ–நோ கோ கேஜும் வந்தன. அளவு எத்தனை மைக்ரான் விலகலாம் என்று தாளில் இருந்தது. அதுவரை 'வெர்னியரில் சரியாக இருக்கிறது' என்பதே எங்கள் தர நிர்ணயம். திரும்பி வந்த சரக்கைப் பார்த்து அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மைக்ரோமீட்டர் வாங்கப் போனார்.

இதை எந்த வாசலில் சேர்ப்பது? போட்டியாக வந்தது வெளிநாட்டுச் சரக்கு இல்லை, வெளிநாட்டு வாடிக்கையாளர். அதைவிட வேடிக்கை, அந்தக் காலத்தில் கார் நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவு உதிரிகளை உள்நாட்டிலேயே வாங்கியாக வேண்டும் என்று அரசு ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. அது தாராளமயத்துக்கு நேர் எதிரான விதி. உலக வர்த்தக அமைப்பில் வழக்கு வந்து 2001இல் அது நீங்கியது. அதற்குள் நாங்கள் மைக்ரான் கற்றிருந்தோம். சீன, இந்திய உதிரித் தொழில்களை ஒப்பிட்ட ஜான் சட்டன், கார் நிறுவனங்களுக்கு நேரடியாக உதிரி தரும் முதல் அடுக்கு நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே உலகத் தரத்தை நெருங்கிவிட்டன, அவற்றுக்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கில்தான் பின்தங்கல் நிற்கிறது என்று எழுதினார். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. முதல் அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுவே போதும். நாங்கள் மூன்றாம் அடுக்கு.

போட்டியை நான் மிகவும் இறக்கிப் பேசிவிட்டேன் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பதிவு பெறாத சிறு பட்டறைகளையும் சேர்த்துப் பார்த்தவர் நடராஜ் (2011). பெரிய, பதிவு பெற்ற ஆலைகளுக்கு இடுபொருள் வரிதான் முக்கியம் என்றும், பதிவு பெறாத சிறியவற்றின் சராசரி உற்பத்தித்திறன் உயர்ந்தது விற்கும் பொருளின் வரி குறைந்ததால் என்றும் அவர் கண்டார். அப்படியானால் எங்களைவிடச் சிறிய பட்டறைகளுக்குப் பாடநூலே சரி. நான் என் வாசலை ஊரின் வாசலாக நினைத்துவிட்டேன்.

3 செப்டம்பர்

திருப்பூர்க்காரர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார், வரவேற்கிறேன். "எங்களுக்கு வாங்கும் வாசலும் திறந்திருந்தது, விற்கும் வாசலும் வெளிநாட்டில் இருந்தது, பிறகு ஏன் பெரிய ஆலைகள் வரவில்லை?"

காரணம் உள்நாட்டு விதி. சிறுதொழிலுக்கு மட்டும் என்று பொருள்களை ஒதுக்கும் வழக்கம் 1967இல் 47 வகைகளோடு தொடங்கி 800க்கு மேல் போனது. பின்னலாடை அந்தப் பட்டியலில் 2005 வரை இருந்தது. ஏற்றுமதி செய்வோருக்கு விலக்கு இருந்தாலும், இயந்திர முதலீடு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஒரு பழக்கமாகவே ஆனது. அந்த வரம்பு 1999இல் 1 கோடி ரூபாய். ஒரே குடும்பம், ஒரே சுற்றுச்சுவர், நான்கு பெயர்ப்பலகை. நிட்டிங் ஒரு பெயரில், கட்டிங் ஒரு பெயரில், பவர் டேபிள் எனப்படும் தையல் பிரிவு மருமகன் பெயரில். எல்லைக் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் ஒவ்வோர் அறையையும் பூட்டிவைத்தது போல. ஊறுகாய், தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி முதலிய கடைசி 20 வகைகள் 2015 ஏப்ரலில்தான் விடுபட்டன.

உலக அளவிலான ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. போட்டிக்கு வரச் சொல்லி வெளிச்சந்தை அழைத்த அதே ஆண்டில்தான் பெரிதாகச் செய்ய அனுமதியும் வந்தது.

திருப்பூர் என்றால் சாயத்தையும் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2011 ஜனவரி இறுதியில் சாய ஆலைகள் மூடப்பட்டன. ஒரு கிலோ துணிக்கு ஆன ஆள் கூலி, நூல், மின்சாரம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் உற்பத்தித்திறன் கணக்கில் வந்தன. சாயக் கழிவு போய்ச் சேர்ந்த நொய்யல் ஆறு வரவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைச் சேர்த்த பிறகு அதே ஆலையின் 'திறன்' ஒரே ஆண்டில் வீழ்ந்தது போலத் தெரியும். முந்தைய எண்தான் பொய்.

8 செப்டம்பர்

மின்சாரம். 2008 முதல் 2013 வரை தமிழ்நாட்டில் பட்டறை வைத்திருந்தவரிடம் இறக்குமதி வரியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். 2012இல் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத வாரங்கள் இருந்தன. குறைந்த வரியில் வந்த சி.என்.சி. லேத் துணி போர்த்தி நின்றது. 62 எண்ணிக்கை நோட்டில் 30க்குக் கீழ் இறங்கியிருக்கிறது. வரி வரலாற்றை மட்டும் வைத்து அந்த ஐந்தாண்டுகளை விளக்க முயல்பவருக்கு என் அனுதாபம்.

15 செப்டம்பர்

"இப்போது அரசு மீண்டும் வரியை ஏற்றுகிறதே, சரியா?" என்ற கேள்வி மூன்று முறை வந்துவிட்டது.

2018 பட்ஜெட்டில் மொபைல் மீதான இறக்குமதி வரி 15லிருந்து 20 சதவீதமானது, வேறு பல பொருள்களுக்கும் ஏறியது. 2024 ஜூலை பட்ஜெட்டில் மொபைலுக்கும் அதன் சர்க்யூட் பலகைக்கும் சார்ஜருக்கும் 15க்கு இறக்கினார்கள். விற்கும் வாசலில் காவல் போட்டதைவிட, உள்ளே வரும் பொருளுக்கு வரி போட்டதுதான் எனக்குக் கவலை. பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு மொத்தத்தில் 11 சதவீத வரி வந்தது. 2022இல் விலை எகிறியபோது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை விலக்கிவைத்தார்கள், பிறகு திரும்பி வந்தது. மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் 2024 பிப்ரவரியில் விலக்கு வந்தது. நூற்பாலைக்குப் பஞ்சு என்பது எங்களுக்கு இன்சர்ட் போல. உள்நாட்டு விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, அதை மறுக்கவில்லை. அதன் செலவு நூலிலும் பனியனிலும் ஏறி வெளிச்சந்தையில் போய் நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

வரி இல்லாத தடைகளும் உண்டு. தரக் கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில் 2024இல் சில வகை எஃகையும் இழையையும் இந்தியத் தர முத்திரை இன்றி இறக்க முடியவில்லை. பெயரில் தரம் இருந்தது, நடைமுறையில் அது பழைய உரிமத்தின் தம்பி.

22 செப்டம்பர்

எங்களிடம் வேலை செய்த டர்னர் இப்போது சரவணம்பட்டியில் மகனோடு இருக்கிறார். நேற்று பார்க்கப் போனேன். இங்கே எழுதியதைப் படித்துக் காட்டினேன். கிரைண்டரருகே தேநீர் குடித்தது வரை சிரித்துக்கொண்டே கேட்டவர், 45 என்ற எண் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஐம்பத்தஞ்சு பழைய டூல்லயே போடலாமுங்க தம்பி. போட்டா உங்கப்பா ரேட்டக் குறைச்சுப்போடுவாருன்னுதான் போடல. எல்லாருமே பேசி வெச்சுக்கிட்டுத்தான் நாப்பத்தஞ்சு."

"அப்ப இன்சர்ட்டால ஒண்ணுமே ஆகலைங்களா அண்ணா?"

"ஆச்சுங்க. இடுப்பு வலி நின்னுச்சு."

அவர் சொல்வதை ஏற்றால் 45லிருந்து 62க்குப் போன 17இல் 10 ஏற்கெனவே பட்டறைக்குள் ஒளிந்திருந்தது, இன்சர்ட் தந்தது 7. எந்த ஆய்வாளர் எங்கள் நோட்டை எடுத்திருந்தாலும் 17ஐயும் வரிக் குறைப்பின் பெயரில் எழுதியிருப்பார், நானும் அதைத்தான் ஆகஸ்ட் 12 அன்று செய்தேன். அவருடைய நினைவும் என்னுடையதைப் போல முப்பது ஆண்டு பழையது என்பதால், சோதித்துப் பார்க்க 1996க்கு முன் ஷாஃப்ட்டுக்கு என்ன ரேட் என்று கேட்டேன். உடனே பைசா சுத்தமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன், சரியாக இருந்தது.